அரிசியின் மேல் போட்ட பழி

தம்பி,

பெற்ற பிள்ளையைப் பேர் சொல்லி அழைக்க எனக்கு எப்போதுமே வராது. எழுதும்போதும் வரவில்லை. நீ அனுப்பிய செய்தியை நேற்று மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் பார்த்தேன். ஒன்றாம் தேதி வேலையை ராஜினாமா செய்யப்போகிறாய். சுதாவையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு பெங்களூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கே வந்துவிடப்போகிறாய். கடைக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்த செல்வம் இப்போது பார்த்துக்கொள்ளும் அப்பாவின் அரிசிக்கடையை நீயே எடுத்து நடத்துவாய், என்னையும் பக்கத்திலிருந்து கவனித்துக்கொள்வாய். தெருவில் சொன்னால், இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பிள்ளையா என்று எனக்குத் திருஷ்டி சுற்றிப் போடச் சொல்வார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. வேலை பார்த்த காலமெல்லாம் ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளுக்குக் குறிப்பு எழுதியவள் நான். மேலே ஒரு காரணத்தை எழுதிவிட்டு உள்ளே வேறொன்றை வைத்திருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். போனில் பேசினால் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

அப்பா இருந்த காலத்தில் நீ போன் செய்தால் முதல் கேள்வி "சாப்டியாம்மா?" என்பதாக இருக்கும். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் கேட்பதுதான். இப்போது "வயிறு எப்படிம்மா இருக்கு? மோஷன் சரியா போச்சா?" என்று ஆரம்பிக்கிறாய். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. கோயில் வாசலில் நின்று கொண்டு, பக்கத்தில் ரெண்டு பேர் இருக்க, இதற்கு நான் என்ன பதில் சொல்வது? ஒருநாள் பொய்யாக "லேசா கலக்குதுப்பா" என்று சொல்லிப் பார்க்கலாமா என்றுகூட எனக்குக் குறும்பு தோன்றியது. நீ விமானத்தில் ஏறிவிடுவாய் என்ற பயத்தில் சொல்லவில்லை. போன மாதம் சுதா என்னிடம் அழுதாள். "அத்தை, பாப்பா பர்த்டே கேக் சாப்ட்டு ஒரு தடவ வாந்தி எடுத்தா. அதுக்கு மழையில ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடறாரு. டாக்டர் ஒண்ணுமில்லன்னு அனுப்பினா, மறுநாளும் போறாரு. தூங்கற குழந்த விரல்ல அந்த ஆக்சிஜன் பாக்கற கருவிய மாட்டி மாட்டிப் பாக்கறாரு. கேட்டா ஒண்ணுமில்லங்கறாரு" என்றாள். நான் அவளுக்குச் சமாதானம் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை, அதை நீதான் சொல்ல வேண்டும். அப்பா வருஷத்திவசத்துக்கு நீ வந்தபோது இரண்டு வேளையும் எனக்குச் சப்பாத்தி போதும் என்று சொன்னதையும் நான் கவனித்தேன். அரிசிக்கடைக்காரர் வீட்டில் பிறந்தவன், இந்த வீட்டு அரிசிச் சோற்றைத் தொடவில்லை.

ஆக, நீ என்னைப் பார்த்துக்கொள்ள வரவில்லை. அப்பாவிடம் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியை ஆயுசு முழுக்க என்னிடம் கேட்டுத் தீர்ப்பதற்காக வருகிறாய். அதற்காக நீ பத்து விரலாலும் உழைத்துப் பிடித்த வேலையை விடுவதும், சுதாவை அவள் வேலையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருவதும் எனக்குச் சம்மதமில்லை. அந்தச் சித்திரை மாதத்தில் நடந்ததை உன்னிடம் நான் துண்டு துண்டாகத்தான் சொல்லியிருக்கிறேன். சில விஷயங்களைச் சொல்லவே இல்லை. முழுவதையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு ஒன்றாம் தேதி என்ன செய்ய வேண்டும் என்பதை நீயே முடிவு செய்துகொள்.

உன் அப்பாவுக்கு உலகத்தில் இரண்டு வகை மனிதர்கள்தான். பழைய அரிசி சாப்பிடுகிறவர்கள், புது அரிசியைச் சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்கிறவர்கள். மண்ணச்சநல்லூர் மில்லிலிருந்து புதுச் சரக்கு வந்து இறங்கினால், அதில் ஒரு படி முதலில் நம் வீட்டுக்கு வரும். நான் வடித்துப் போட வேண்டும், அவர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கடையில் விலை சொல்வார். வீட்டுக்கு யாராவது விருந்துக்கு வந்தால் முதல் கவளம் அவர்கள் வாய்க்குள் போனதும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "அரிசி எப்படி இருக்கு?" என்று கேட்பார். நான் காலையிலிருந்து அடுப்படியில் வெந்து வைத்த வத்தக்குழம்பை ஒருத்தர் இத்தனை வருஷத்தில் பாராட்டியிருந்தால் அது அவர் கேள்வியைத் தாண்டிக்கொண்டு பாராட்டியதுதான். கல்யாணமான புதிதில் இதற்காக நான் அவரோடு பேசாமல் இருந்திருக்கிறேன். என்ன கோபம் என்பதே அவருக்குப் புரியவில்லை.

அந்த வருஷம் இரண்டாவது அலை வருகிறது, ஊரடங்கு போடப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதும் ஆளாளுக்கு மூட்டை மூட்டையாக அரிசி வாங்கிப் போனார்கள். பழைய அரிசி தீரும் நிலைக்கு வந்துவிட்டது. வேறு வழியில்லாமல், இன்னும் நாலைந்து மாதம் இருப்பில் வைக்க வேண்டிய புதுப் பொன்னி அரிசியை அவர் விற்பனைக்கு எடுத்தார். எடுத்த அன்றே அவருக்கு மனசு சரியில்லை. "ஒத்துக்குமான்னு தெரியல. சோறு கொழையுது, பாத்தியா?" என்று தட்டில் பருக்கையை விரலால் நசுக்கிக் காட்டினார். நன்றாகத்தான் இருக்கிறது, சாப்பிடுங்கள் என்றேன். அதற்கடுத்த வாரம் அவர் பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். சாம்பார் சாதத்தை மிச்சம் வைத்து அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. "சோத்துல மனசே போகல" என்றார். சாயங்காலத்திலிருந்து வயிற்றால் போக ஆரம்பித்தது. குமட்டல் வேறு. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, மூச்சு வாங்கவும் இல்லை. அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்ததுதானே நடந்தது!

அதே வாரம் கடைக்கு போன் வரத் தொடங்கியது. மேலூர் ரோட்டிலிருந்து ஒரு வீடு, திருவானைக்கோவிலிலிருந்து ஒரு வீடு, அம்மாமண்டபம் பக்கத்திலிருந்து ஒருவர். "அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. இந்தத் தடவ அரிசி ஒத்துக்கல. வீட்ல எல்லாருக்கும் வயித்தால போகுது." அரிசி வியாபாரிக்கு இதைவிடக் கேவலமான வார்த்தை ஒன்றில்லை. கல் இருக்கிறது என்றால் பொறுத்துக்கொள்வார், விலை அதிகம் என்றால் சிரிப்பார். அவர் விற்ற அரிசியைச் சாப்பிட்டுவிட்டு ஒரு குடும்பமே கொல்லைப்புறத்துக்கு ஓடுகிறது என்றால் அவரால் தாங்க முடியவில்லை. கல்யாண ஆர்டருக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பழைய அரிசியையும், நம் வீட்டுக்கென்று இருந்ததில் கொஞ்சம் போக மிச்சத்தையும் செல்வத்தின் மினி வேனில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனார். புது அரிசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு பழைய அரிசியை இறக்கினார். ஒவ்வொரு வாசலிலும் மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கி மன்னிப்புக் கேட்டிருக்கிறார். மன்னிப்புக் கேட்கும்போது முகத்தை மூடிக்கொண்டு கேட்டால் மரியாதையாக இருக்காதாம். செல்வம் பிற்பாடு என்னிடம் சொன்னான். ஒரு ஊரே வயிற்றால் போய்க்கொண்டிருந்தது, அதற்குக் காரணம் தன் மூட்டைகள்தான் என்று ஒரு மனிதர் நினைத்தார். காற்றில் என்ன இருக்கிறது என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை. நானும்தான் நினைக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி நீ போன் செய்தபோது இதையெல்லாம் உன்னிடம் சொன்னார். நீ சிரித்தாய். "ஊருக்கே பேதி குடுத்துட்டீங்களாப்பா?" என்று கேட்டாய். உன்னைக் குத்திக்கொண்டிருப்பது அந்தச் சிரிப்புதான் என்று எனக்குத் தெரியும். திவசத்தன்று நீ மாடியில் தனியாக நின்றபோதே தெரியும். நீ போனை வைத்த பிறகு இங்கே நடந்தது உனக்குத் தெரியாது, கேட்டுக்கொள். உன் அப்பாவும் சிரித்தார். இரண்டு நாளாகச் செத்துக் கிடந்த முகத்தில் அப்போதுதான் ஒரு களை வந்தது. "பையன் நல்லா கிண்டல் பண்றான்டி. பெங்களூர் போயி வாய் ஜாஸ்தியாயிடுச்சு" என்றார். அன்றைக்கு ஒரு டம்ளர் மோர் குடித்தார். அந்த வாரத்தில் அவர் விரும்பிக் குடித்தது அது ஒன்றுதான்.

பிறகு எனக்கு இருமல் வந்தது. என்னுடையது முறையான இருமல். தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டிருந்த அத்தனை லட்சணமும் பொருந்திய இருமல். காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. உடனே வீடு என்னைச் சுற்ற ஆரம்பித்தது. செல்வம் எங்கிருந்தோ விரலில் மாட்டும் கருவி ஒன்றை வாங்கி வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனான். அப்போது உன் வீட்டிலும் சுதாவுக்குக் காய்ச்சல், வாசலில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள், நீ வெளியே வர முடியாது. நீ போனில் "அம்மாவுக்கு ஆக்சிஜன் எவ்ளோப்பா?" என்று கேட்பாய். அப்பா என் விரலில் மாட்டிப் பார்த்து உனக்குச் சொல்வார். எனக்குக் கஞ்சி காய்ச்சுவார், நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போவார், திரும்பி வந்து சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு மறுபடி கஞ்சியைக் கிளறுவார். அந்தக் கருவியை அவர் விரலில் மாட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, உனக்குத் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. இருமுகிறவள் நோயாளி. வயிற்றால் போகிறவர் புது அரிசி சாப்பிட்டவர். அவ்வளவு சுலபமாக நாங்கள் பிரித்து வைத்திருந்தோம்.

எனக்கு ஆக்சிஜன் எண் இறங்கியதும் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெண்கள் வார்டைப் பற்றி உன்னிடம் நான் அதிகம் பேசியதில்லை. இருமல் சத்தமும் ஆக்சிஜன் சத்தமும்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கே பெரிய பிரச்சினை கழிப்பறையாக இருந்தது. சாப்பாடு வரும், அப்படியே திரும்பிப் போகும். தட்டைத் திறந்ததும் ஒருத்தி ஓங்கரிப்பாள், அதைக் கேட்டு இன்னொருத்தி. ஆக்சிஜன் குழாயை மாட்டிக்கொண்டு படுத்திருப்பவர்களுக்குத் திடீரென்று வயிற்றைக் கலக்கும். குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுவார்கள். போகிறபோது நடந்து போனவர்கள், வருகிறபோது சுவரைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுவார்கள். "பெட்பேன் கேளுங்கம்மா, வெக்கப்படாதீங்க, எழுந்திருக்காதீங்க" என்று நர்ஸ் பெண் தொண்டை கட்டிப்போகும் வரை கத்துவாள். கேட்கிறவர்கள் குறைவு.

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் திருவானைக்கோவிலைச் சேர்ந்த கலா என்ற பெண். நாற்பது வயதிருக்கும். கொஞ்சம் தேறியதும் பேச்சுக் கொடுத்தாள். எந்த ஊர், என்ன தொழில் என்று விசாரித்தாள். ஸ்ரீரங்கத்தில் அரிசிக்கடை என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, அந்த அண்ணன் வீட்டம்மாவா நீங்க? எங்க வீட்டுக்கு வந்து மூட்டைய மாத்திக் குடுத்தாரே!"

"ஆமா. புது அரிசி ஒத்துக்கலன்னு சொன்னீங்களாமே."

"அரிசியே இல்லைங்கக்கா. எனக்கும் மொதல்ல வாந்தி பேதிதான். இருமலே இல்ல. அண்ணன் குடுத்த பழைய அரிசியத்தான் கஞ்சி வெச்சுக் குடிச்சேன், அப்பவும் நிக்கல. அப்புறம் ஒரு நா படியேற முடியாம உக்காந்துட்டேன். இங்க வந்து டெஸ்ட் எடுத்தா இது. டாக்டரம்மா சொன்னாங்க, எனக்கு ஆரம்பமே வயித்துலதானாம். பாவம், அந்த அண்ணன் மேல பழியப் போட்டுட்டேன்."

பயந்துவிட்டேன் தம்பி. என் நோய்க்கு நான் பயப்படவில்லை. கொல்லைக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்த அந்த மனிதரை நினைத்துப் பயந்தேன். சுற்று வந்த டாக்டரைக் கேட்டேன். சின்னப் பெண், உறைக்குள்ளே கண் மட்டும் தெரிந்தது. "இது நுரையீரலுக்கு மட்டும் வர்றது இல்லம்மா, குடலுக்கும் போகும். இங்க நெறைய பேருக்குப் பசி இல்ல, வாந்தி, பேதி இருக்கு. சில பேருக்கு அதுலதான் ஆரம்பிக்குது. நாங்க குடுக்கற மாத்திரையாலயும் கொஞ்சம் வரும். வீட்ல யாருக்காவது இருந்தா உடனே கூட்டிட்டு வரச் சொல்லுங்க" என்றாள். நான் உடனே வீட்டுக்கு போன் செய்தேன். "எனக்கு மூச்சுக்கு ஒண்ணும் இல்ல. பழைய அரிசிக்கு மாறிட்டேன், இப்ப கொஞ்சம் தேவல. நீ பேசாம படு" என்று வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் உனக்கு போன் செய்தேன்.

இதிலிருந்து நடந்ததை நீ வேறு மாதிரி நினைவு வைத்திருக்கிறாய். நீ என்ன செய்தாய் என்பதை நான் சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொன்னால் அவர் போகமாட்டார் என்று உனக்குத் தெரியும். அதனால் ஒரு பொய் சொன்னாய். "அம்மா ஒண்ணுமே சாப்ட மாட்டேங்கறாங்களாம்பா. ஆஸ்பத்திரிச் சோறு எறங்கலையாம். வீட்டுக் கஞ்சி இருந்தா குடிப்பாங்களாம். நீங்க எடுத்துட்டுப் போறீங்களா?" என்று கேட்டாய். அவ்வளவுதான். அந்த உடம்போடு கஞ்சி காய்ச்சி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தூக்குச்சட்டியை மடியில் வைத்து, செல்வத்தின் வண்டியில் பாலத்தைத் தாண்டி வந்தார். வாசலில் விரலில் கருவியை மாட்டினார்கள். எண்ணைப் பார்த்துவிட்டு அங்கேயே சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். "எனக்கு வயிறுதாம்மா, மூச்சு இல்ல. கஞ்சி குடுக்க வந்தேன்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஆண்கள் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும் வழி எங்கள் வார்டு வாசலைக் கடந்துதான். செல்வம் முன்னால் ஓடி வந்து சொன்னதால் நான் கதவருகே நின்றிருந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் தூக்குச்சட்டியைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். "பழைய அரிசிதான், சாப்டு" என்றார். நான் அவரை நேருக்கு நேர் பார்த்தது அதுதான் கடைசி.

ஆண்கள் வார்டிலிருந்து போனில் பேசுவார். உன்னிடமும் பேசினார். வாசனையும் ருசியும் அவருக்குப் போய்விட்டன. அரிசி வியாபாரிக்கு மூக்கு போனால் என்ன மிஞ்சும்? ஆனாலும் தட்டில் இருந்த சோற்றை விரலில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "ரேஷன் அரிசிதான். ஆனா வடிச்ச ஆளு கெட்டிக்காரன், பருக்கை ஒடையல" என்று உன்னிடம் சான்றிதழ் கொடுத்தார். சாப்பிட்டாரா என்று நீ கேட்டாய். சாப்பிட்டேன் என்றார். சாப்பிடவில்லை.

இனி சொல்லப்போவது உனக்குத் தெரியாது. செல்வத்துக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவருக்குத் தேறிக்கொண்டுதான் வந்தது. ஆனால் வயிறு நிற்கவில்லை. ஒரு காலை நேரம், வார்டு பரபரப்பாக இருக்கும்போது அவருக்கு அவசரம். பக்கத்தில் பெட்பேன் வைத்திருந்தார்கள். சுற்றிலும் ஆட்கள், எதிரே மகள் வயதில் ஒரு நர்ஸ். அவருக்கு வெட்கம். வீட்டில்கூட, என்னிடம்கூட, "வயிறு சரியில்ல" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத மனிதர். ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றி மடித்துத் தலையணை மேல் வைத்துவிட்டுக் கழிப்பறைக்கு நடந்து போனார். போனவர் வழியிலேயே விழுந்தார். தூக்கி வந்து என்னென்னவோ செய்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். பிறகு ஓயாமாரி மயானத்தில், செல்வமும் நாலு பேரும் நிற்க, எல்லாம் முடிந்தது. நீ போனில் பார்த்தாய். உனக்கு ஊருக்கு வர பாஸ் கிடைத்தது மறுநாள்.

வார்டை விட்டு வரும்போது அந்த டாக்டர் பெண்ணிடம் இரண்டு கேள்வி கேட்டேன். வயிற்றில் ஆரம்பித்தால் ஆபத்து அதிகமா என்று முதலில் கேட்டேன். "அப்படிச் சொல்லிட முடியாதும்மா. வயிறுதானேன்னு அவங்க வீட்லயே இருந்துடறாங்க, லேட்டா வர்றாங்க, அதான் கஷ்டம்" என்றாள். முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பது அடுத்த கேள்வி. "தெரியலம்மா. சீக்கிரம் வந்தவங்களும் போயிருக்காங்க. லேட்டா வந்தவங்க நடந்து வீட்டுக்குப் போயிருக்காங்க" என்றாள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்காக அவள் மேல் எனக்கு மரியாதை வந்தது. உனக்கும் தெரியாது, தம்பி. நீதான் காரணம் என்று எழுதி நீயே கையெழுத்துப் போட்டு வைத்திருக்கும் கோப்பில் ஆதாரம் என்று ஒரு தாள்கூட இல்லை. என் மேஜைக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். நீ சிரித்ததால் அவர் உயிர் போகவில்லை. நீ பொய் சொன்னதால் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் கெஞ்சியதற்கு எழுந்திருக்காதவர் உன் ஒரு வார்த்தைக்கு எழுந்தார். நீ அதைச் செய்திருக்காவிட்டால் இந்த வீட்டில் தனியாக, பழைய அரிசிக் கஞ்சியைக் குடித்துவிட்டு, தேவலை தேவலை என்று சொல்லிக்கொண்டே போயிருப்பார். நான் அவர் முகத்தைப் பார்த்திருக்கமாட்டேன். அந்த வாசலில் ஒரு நிமிஷம் அவரை நான் பார்த்தேனே, அது நீ கொடுத்தது. இதை உன்னிடம் முன்பே சொல்லியிருக்கலாம். அழாமல் சொல்ல வரும் வரைக்கும் காத்திருந்தேன், வேறொன்றும் இல்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது அவர் திரும்ப வாங்கிய மூட்டைகள் கூடத்தில் சுவரோரமாக அடுக்கியிருந்தன. செல்வம் தயங்கித் தயங்கி, "இத என்னம்மா பண்றது? கோழித் தீவனத்துக்குப் போட்டுடலாமா?" என்று கேட்டான். இருக்கட்டும் என்றேன். வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போட்டுக் கட்டி வைக்கச் சொன்னேன். காரணம் எதுவும் இல்லை, அவர் கை பட்டது என்பதைத் தவிர. ஒரு வருஷம் கழித்துக் கலா வந்தாள். மூச்சு இன்னும் கொஞ்சம் வாங்குகிறது, ஆனால் நடமாடுகிறாள். கடைக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு வந்து, "அக்கா, அண்ணன் எங்க வீட்லேர்ந்து எடுத்துட்டுப் போனாரே, அந்த அரிசி இருக்கா? இருந்தா அதையே குடுங்க" என்றாள். கொடுத்தேன். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். அடுத்த வாரம் போன் செய்து, சோறு உதிரி உதிரியாக வருகிறது, பிள்ளைகள் இன்னும் இன்னும் என்று கேட்டுச் சாப்பிடுகிறார்கள் என்றாள். பிறகு அவள் சொல்லி மேலூர் ரோட்டுக்காரர்கள் கேட்டார்கள். செல்வம் ஒவ்வொன்றாக எடுத்துப் போனான். ஒருவருக்கும் வயிறு ஒன்றும் செய்யவில்லை. அந்த அரிசி எப்போதுமே யாரையும் ஒன்றும் செய்ததில்லை. வார்டில் இருந்தபோது கலா சொன்னதை நான் போனில் சொல்லியும் நம்பாமல், அவர் அதைத் தெரிந்துகொள்ளாமலேயே போய்விட்டார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். ஊருக்குக் கெடுதல் செய்துவிட்டோம் என்ற நினைப்போடு போனார். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெயிலில் வீடு வீடாக அலைந்தார். இந்த வீட்டில் அதை ஒருவர் செய்தது போதும்.

கடைசி மூட்டை ஒன்றை மட்டும் நான் கொடுக்கவில்லை. உள்ளறையில் இருக்கிறது. பொங்கல் லீவில் சுதாவையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. திரும்பிப் போக டிக்கெட் எடுத்துக்கொண்டு வா. உனக்கு உண்மையிலேயே அரிசி வியாபாரத்தில் ஆசை இருந்தால் அதைத் தனியாகப் பேசலாம், செல்வத்தையும் வைத்துக்கொண்டு பேசலாம். அதற்கு முன்னால் ராஜினாமா கடிதத்தைக் கிழித்துப் போடு. என் உடம்பு எனக்குத் தெரியும். ஏதாவது என்றால் வெட்கப்படாமல், சுற்றிவளைக்காமல், இன்ன இடத்தில் இன்னது என்று உனக்கும் டாக்டருக்கும் சொல்வேன். இது சத்தியம். நீயும் சுதாவிடம் உன் மனசில் இருப்பதை அதே மாதிரி சொல்லிவிடு. அவள் வீட்டுக்குள்ளேயே ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு என்ன நோய் என்று தெரியாமல் தவிக்கிறாள்.

வந்த அன்று உனக்குச் சப்பாத்தி கிடையாது. அந்த மூட்டையைப் பிரித்து, வத்தக்குழம்பு வைத்து, இலை போடுகிறேன். நீ முதல் கவளத்தை எடுத்து வாயில் வைக்கும் வரைக்கும் நான் பேசமாட்டேன். அதற்குப் பிறகு அப்பா உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு உன் முகத்தைப் பார்ப்பேன். குழம்பைப் பற்றி நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். அரிசி எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல். அவருக்காகக் கேட்கிறேன்.

உன் அம்மா